உழுதவன் கணக்குப் பார்க்கட்டும்
வேளாண் வணிகக் கல்வி கடந்து வந்த வழி



விழா மலர் என்றால் கோயில் கட்டிய வரலாறும், பங்கை நடத்திச் சென்ற குருக்களின் வரலாறும் எழுதுவது வழக்கம். அவற்றை இம்மலரின் மற்றப் பக்கங்களில் மற்றவர்கள் எழுதியிருக்கின்றனர். எனக்கு ஒதுக்கப்பட்ட பக்கங்களில் வேறொரு வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன். அது உழவன் வீட்டுப் பிள்ளை வணிகக் கணக்கைக் கற்க முயன்ற வரலாறு. கோயிலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். இந்தக் கோயிலின் சுவர்களில் பாதி நெல்லாலும் கடலையாலும் எழுந்தவை என்பதே என் மறுமொழி.

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது" என்பது நம் முன்னோர் வாக்கு. திருப்பத்தூர் வட்டாரத்தில் இதைச் சொல்லாத உழவர் இல்லை. உழவனின் வறுமையை எடுத்துக்காட்டப் பிறந்த பழமொழி இது. ஆனால் நாளடைவில் நாம் அதற்கு வேறு பொருள் கொண்டுவிட்டோம். மிஞ்சாது என்று தெரிந்தபின் கணக்குப் பார்ப்பானேன் என்று விட்டுவிட்டோம்.

என் தந்தையார் மானாவாரி நிலம் உழுதவர். களத்தில் கண்ட மூட்டைகளை வீட்டுச் சுவரில் கரிக்கோடுகளாக இழுத்து வைப்பார். விதை, எரு, களையெடுப்புக் கூலி, மாட்டுத் தீவனம் ஆகிய எதற்கும் சுவரில் கோடு கிடையாது. வரவு சுவரில் இருந்தது. செலவோ அடகுக் கடைச் சீட்டில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவருக்கு எவரும் கற்றுக் கொடுக்கவில்லை. அவர் மட்டுமல்லர், அவர் தலைமுறை முழுவதும் அப்படித்தான் உழுதது.

பேரேட்டு நாட்டில் ஒரு புதுமை

இதில் வியப்பு என்னவெனில், கணக்கு எழுதுவதில் உலகப் புகழ் பெற்ற நாடு நம் செட்டிநாடு. நகரத்தார் வீட்டுப் பிள்ளைகள் எண்சுவடியும் வட்டிக் கணக்கும் மனப்பாடமாகக் கற்றனர். பின் இளம் வயதிலேயே கப்பலேறி இரங்கூனிலும் பினாங்கிலும் இருந்த கடைகளுக்குச் சென்றனர். அங்கே முதலில் பெட்டியடிப் பையன், பின்னர் அடுத்தாள், அதன்பின் மேலாள். கிட்டங்கியைப் பெருக்குவது முதல் பேரேடு எழுதுவது வரை, செய்து செய்தே கற்றார்கள். பட்டமும் இல்லை, பட்டமளிப்பு விழாவும் இல்லை. ஆயினும் தொழிலும் படிப்பும் ஒன்றாக நடந்த பள்ளி அது.

அந்தப் பேரேடுகளில் இருந்தது பெரும்பாலும் வேளாண்மைதான். கீழைப் பர்மாவின் நெல் விளைச்சலுக்கு முதல் கொடுத்தவர்கள் அவர்கள். 1930-ஐ ஒட்டிய உலகப் பொருளாதாரச் சரிவில் நெல் விலை வீழ்ந்தது. கடன் திரும்பவில்லை, நிலங்கள் ஈடாக வந்து சேர்ந்தன. பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் 13-இல், 1930-இல் நூற்றுக்கு ஏறத்தாழ 6 பங்கு நிலமே நகரத்தார் கையில் இருந்தது. 1938-இல் அது 25 பங்காயிற்று. பணம் கேட்டவர்களுக்கு மண் கிடைத்தது. பின்னர்ப் போரும் அரசியல் மாற்றங்களும் அந்த மண்ணையும் கொண்டு சென்றன.

கணக்குத் தெரியாமல் உழுத பர்மிய உழவர் நிலத்தை இழந்தார். நிலத்தோடு உறவில்லாமல் கணக்கு மட்டும் எழுதியவரும் இறுதியில் இழந்தார். ஏரும் ஏடும் தனித்தனியே நின்றால் இருவருக்கும் கேடு. இந்த இரண்டையும் ஒரே மாணவன் கையில் கொடுக்க முயன்றதே வேளாண் வணிகக் கல்வியின் வரலாறு.

சைதாப்பேட்டை முதல் கோவை வரை

நம் மாநிலத்தில் முறையான வேளாண் கல்வி சென்னைச் சைதாப்பேட்டையில் தொடங்கிற்று. 1865-இல் அங்கே ஒரு மாதிரிப் பண்ணை அமைக்கப்பட்டது. 1876-இல் வேளாண் பள்ளி எழுந்தது. 1906-இல் அது கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டுக் கல்லூரியாக வளர்ந்தது. 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. புதிய நெல் வகைகளும் கரும்பு வகைகளும் அந்த மரபிலிருந்து வந்தவை. நாடு அவர்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறது.

ஆனால் நெடுங்காலம் அந்தக் கல்வியின் பெரு நோக்கம் விளைச்சலைப் பெருக்குவதாகவே இருந்தது. விளைந்ததை யாரிடம், எப்போது, என்ன விலைக்கு விற்பது என்பது பின்னுக்கு நின்றது. மேலும், கல்லூரிக்குள் நுழைய மதிப்பெண் வேண்டும், நான்காண்டு பொறுக்கும் வசதி வேண்டும். படித்து வெளிவந்தவர்களில் பலர் அலுவலர்களாகவே ஆயினர். அதில் குற்றம் இல்லை. ஆனால் ஏர் பிடித்தவன் ஏர் பிடித்தவனாகவே நின்றான்.

சந்தையைச் சீர்செய்யச் சட்டங்கள் வந்தன. பிரெடரிக் நிக்கல்சன் என்னும் ஆங்கில அதிகாரி ஐரோப்பியக் கூட்டுறவுக் கடன் சங்கங்களை ஆராய்ந்து சென்னை அரசுக்கு அறிக்கை தந்தார். 1904-இல் கூட்டுறவுச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டே செங்கற்பட்டு மாவட்டத்துத் திரூரில் வேளாண் கடன் சங்கம் தோன்றிற்று. 1933-இல் சென்னை மாகாண வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் நிறைவேறியது; 1936-இல் திருப்பூரில் முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் திறக்கப்பட்டது. 1999 நவம்பர் 14-இல் மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. 2003 முதல், பத்து உழவர்கள் கூடினால் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றைச் சட்டப்படி பதிவு செய்ய வழி பிறந்தது.

ஒவ்வொன்றும் நல்ல கதவுதான். ஆனால் கதவைத் திறந்து வைத்தவர்கள், உள்ளே நடக்கக் கற்றுக் கொடுக்க மறந்தார்கள். சங்கத்தின் இருப்புநிலைக் குறிப்பைப் படிக்கத் தெரியாத உறுப்பினர், படிக்கத் தெரிந்த ஒருவரிடம் சங்கத்தையே ஒப்படைத்துவிட்டு வீடு திரும்பினார். பல சங்கங்கள் நலிந்த கதை இதுவே.

பள்ளிக்கூடத்திலும் முயற்சி இல்லாமல் இல்லை. கோத்தாரிக் கல்விக் குழு 1966-இல் அளித்த அறிக்கையில் தொழிற்கல்வியை வற்புறுத்தியது. 1978-இல் தமிழ்நாட்டில் மேல்நிலைப் படிப்பு வந்தபோது, தொழிற்பிரிவில் வேளாண்மைக்கும் இடம் கிடைத்தது. ஆயினும் பெற்றோர் கண்ணுக்கு அது மதிப்பெண் குறைந்த பிள்ளைகள் ஒதுங்கும் இடமாகவே பட்டது. ஆசிரியர் கண்ணுக்கும் அப்படியே. உண்மையைச் சொன்னால், எம்மைப் போன்ற குருக்கள் கண்ணுக்கும் அப்படியே.

கடல் கடந்த இரண்டு பாடங்கள்

அமெரிக்க நாட்டில் 1862-இல் மோரில் சட்டம் வந்தது. மாநிலங்களுக்கு அரசு நிலம் வழங்கி, அதன் வருவாயில் வேளாண்மையும் தொழிற்கலையும் கற்பிக்கும் கல்லூரிகளைத் தொடங்கச் செய்தது. அவை பெரிய கல்லூரிகள். அவற்றுக்குப் போக முடியாத பிள்ளைகளுக்கு ஊர்தோறும் சிறு கல்லூரி வேண்டும் என்ற எண்ணம் பின்னர் எழுந்தது. 1901-இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் இரண்டாண்டுக் கல்லூரி ஒன்று தொடங்கியது. 1947-இல் குடியரசுத் தலைவர் டுரூமன் அமைத்த குழு, இத்தகையவற்றைச் சமுதாயக் கல்லூரிகள் என்று அழைத்து, நாடெங்கும் பரப்பச் சொன்னது. வீட்டிலிருந்தே போய்வரும் தொலைவு, குறைந்த கட்டணம், ஊரில் நடக்கும் தொழிலே பாடம் என்பவை அவற்றின் இலக்கணம்.

விதை வணிகம், உரம், கடன், கிடங்கு, ஆலை, கடைத்தெரு ஆகிய அனைத்தையும் பண்ணையோடு சேர்த்து ஒரே தொழிலாக நோக்க வேண்டும் என்ற கருத்தை 1950-களில் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தார் முன்வைத்தனர். ஜான் டேவிஸ், ரே கோல்டுபெர்க் ஆகிய இருவரும் 1957-இல் இதைப் பற்றி நூல் வெளியிட்டனர். வேளாண் வணிகம் என்ற பாடம் இவ்வாறு பெயர் பெற்றது. இன்று அந்நாட்டுச் சமுதாயக் கல்லூரிகள் பலவற்றில், காலையில் மாடு கறந்துவிட்டு வரும் பையன் பகலில் பண்ணைக் கணக்கும், கடன் விண்ணப்பமும், விலைப்போக்கும் படிக்கிறான்.

அது செல்வ நாடு; நமக்கு ஒத்துவருமா என்று கேட்கலாம். இதோ ஓர் ஏழை நாட்டுப்புறத்தின் கதை. கனடா நாட்டு நோவா ஸ்கோஷியா மாநிலத்தில் அந்திகோனிஷ் என்னும் சிற்றூர். அங்கே புனித பிரான்சிஸ் சவேரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. கற்றவர்கள் ஊரைவிட்டு ஓடுவதும், மீனவரும் உழவரும் வணிகரிடம் கடன்பட்டுக் கிடப்பதும் கண்டு வருந்திய ஜேம்ஸ் டாம்கின்ஸ் என்ற குருவானவர், அறிவு மக்களிடம் செல்ல வேண்டும் என்று 1921-இல் ஒரு சிறு நூல் எழுதினார். 1928-இல் மோசஸ் கோடி என்ற குருவானவர் தலைமையில் விரிவாக்கத் துறை தொடங்கிற்று.

அவர்கள் பெரிய கட்டடம் எழுப்பவில்லை. ஊர்க்கூட்டம் போட்டார்கள். பின் பத்துப் பேர் அளவில் கூடி, ஒருவர் வீட்டுச் சமையற்கட்டில் விளக்கை வைத்துக்கொண்டு படிக்கச் செய்தார்கள். நாம் விற்கும் பொருள் கடைசியில் என்ன விலைக்குப் போகிறது, இடையில் யார் யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்பதே முதற்பாடம். படித்தவர்கள் கூட்டுறவுக் கடையும், சேமிப்புக் கடன் சங்கமும், சிங்கி இறாலைப் பதப்படுத்தும் ஆலையும் தாங்களே நடத்தினார்கள். 1959-இல் கோடி பெயரால் அங்கே ஒரு பன்னாட்டுக் கல்வி நிலையம் எழுந்தது. நம் நாட்டிலிருந்தும் பலர் அங்கே சென்று பயின்று வந்தனர்.

நம் மண்ணில் சமுதாயக் கல்லூரி

தமிழ் பேசும் பகுதியில் இக்கருத்து வேர்விட்ட ஆண்டு 1995. அவ்வாண்டு புதுவைப் பல்கலைக்கழகம் ஒரு சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. பின்னர்ச் சென்னை மயிலை உயர்மறைமாவட்டம் சென்னையில் ஒன்றைத் தொடங்கிற்று. 1999-இல் இயேசு சபைக் குரு சேவியர் அல்போன்ஸ் அடிகளார் தலைமையில், இத்தகைய கல்லூரிகளுக்கு வழிகாட்டும் மையம் சென்னையில் உருவானது. பள்ளிப் படிப்பை முடிக்காதவர், தோற்றவர், குடும்பச் சுமையால் நின்றவர் ஆகியோருக்கு வயது தடையின்றி, மதிப்பெண் தடையின்றி ஓராண்டுப் படிப்பு. வாழ்க்கைத் திறன், தொழில் திறன், தொழிலிடத்திலேயே பயிற்சி ஆகிய மூன்றும் அதன் தூண்கள். 2009-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இக்கல்லூரிகளுக்கு ஏற்பளிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. சில ஆண்டுகளில் பல்கலைக்கழக மானியக் குழுவும் தன் திட்டத்தைக் கொண்டு வந்தது.

இக்கல்லூரிகள் ஆயிரக்கணக்கான ஏழை இளைஞருக்கு வாழ்வளித்தன. ஆயினும் இவற்றில் பெரும்பாலும் நடந்தவை செவிலியர் உதவியாளர், கணிப்பொறி, குளிர்சாதனப் பழுதுபார்ப்பு, தையல், உணவுத் தயாரிப்பு போன்ற நகரத் தொழில்களே. வேளாண் வணிகம் அருகியே இடம்பெற்றது. காரணம் எளிது. சமுதாயக் கல்லூரி மாணவனை வேலைக்கு எடுக்க மருத்துவமனை உண்டு, தொழிற்கூடம் உண்டு. தன் சொந்த நிலத்துக்கே திரும்பிப் போகும் மாணவனுக்கு வேலை வழங்கும் முதலாளி யார்? அவனே தான்.

இருந்தும், நம் பகுதியில் விளக்குகள் இல்லாமல் இல்லை. காரைக்குடி செல்லும் சாலையில் நாம் அடிக்கடி கடக்கும் குன்றக்குடியில், தவத்திரு குன்றக்குடி அடிகளார் 1977-இல் கிராமத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு மைய அறிவியலாரின் துணையைச் சிற்றூர் மக்களின் தொழிலுக்குக் கொண்டு வந்தார். திருமடத்தின் தலைவர் ஒருவர் மக்களின் வருமானத்தைப் பற்றிக் கவலைப்பட்டது எம் போன்றோருக்கும் பாடம். அங்கே வேளாண் அறிவியல் நிலையமும் இயங்குகிறது. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில் தொடங்கியது. தேர்வு இல்லை, செய்து கற்பதே முறை. அண்மை ஆண்டுகளில் செட்டிநாட்டில் அரசு வேளாண்மைக் கல்லூரியும் வந்திருக்கிறது. கோவையில் வேளாண் வணிக மேலாண்மைக்கென்றே பட்டப்படிப்பு நடக்கிறது. அந்தப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்விப் பிரிவு, பட்டம் நாடாதோருக்கும் சான்றிதழ்ப் படிப்புகள் நடத்துகிறது.

விளைபொருள் பண்டமாக மாறும் இடங்களும் தொலைவில் இல்லை. சிங்கம்புணரியில் தேங்காய் மட்டை கயிறாகிறது. சிவகங்கை முத்துப்பட்டியில் நறுமணப் பொருள் பூங்கா உண்டு. தேங்காயை மரத்தடியிலேயே விற்றுவிடும் நாம், மட்டைக்கும் ஒரு விலை உண்டு என்பதை எண்ணுவதில்லை.

வட்டியில்லாக் கடனின் வட்டி

இப்படிப்பில் அப்படி என்ன கற்பிப்பார்கள் என்பதை ஒரு கணக்கால் காட்டுகிறேன். இது விளக்கத்துக்காக நானே அமைத்த கணக்கு. ஆனால் நடப்பது உங்களுக்குத் தெரியும்.

ஆடியில் கடலை விதைக்க ஒருவர் வியாபாரியிடம் 20,000 ரூபாய் வாங்குகிறார். "வட்டி வேண்டாம், மார்கழியில் கடலையை எனக்கே போட்டுவிடுங்கள்" என்கிறார் வியாபாரி. எத்தனை பெருந்தன்மை! மார்கழியில் 50 மூட்டை போகிறது. மூட்டைக்கு 100 ரூபாய் குறைத்து விலை. அதில் 5,000 ரூபாய் போயிற்று. மூட்டைக்கு ஒரு கிலோ எடை கழிவு. கிலோ 60 ரூபாய் என்றால் 3,000 ரூபாய் போயிற்று. ஐந்து மாதத்தில் 20,000 ரூபாய்க்கு 8,000 ரூபாய். மாதம் நூற்றுக்கு 8 ரூபாய். வட்டியில்லாக் கடன் என்று வாங்கியது எட்டு வட்டிக் கடன்!

கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கி உரிய நாளில் கட்டினால் தமிழ்நாட்டில் உண்மையாகவே வட்டி இல்லை. ஆனால் அதற்குச் சிட்டா வேண்டும், அடங்கல் வேண்டும், நாலு நாள் நடை வேண்டும். நடைக்கு அஞ்சி எட்டு வட்டி கொடுக்கிறோம். நான்கு நாள் நடையின் விலை 8,000 ரூபாய் என்று எழுதிப் பார்த்தவர் அடுத்த ஆண்டு நடப்பார். எழுதிப் பார்க்காதவர் வியாபாரியை வாழ்த்துவார்.

வேளாண் வணிகம் என்பது இவ்வளவுதான். எந்தப் பயிர் உழக்கு மிஞ்ச விடுகிறது, எது விடவில்லை என்று கண்டுகொள்வது. அறுப்பு நாளில் விற்பதா, காயவைத்துக் காத்திருப்பதா என்று முடிவு செய்வது. பத்துப் பேர் சேர்ந்து ஒரு வண்டி பிடித்தால் என்ன ஆகும் என்று எண்ணுவது. என் தந்தையாருக்குப் பதினைந்து வயதில் இதைச் சொல்லிக் கொடுத்திருந்தால் போதும். அவர் எவருக்கும் இளைத்தவர் அல்லர்.

என் பங்குக்கு ஒரு குற்ற ஒப்புதல்

இளங்குருவாக இருந்த நாளில் ஒரு மாணவர் விடுதியைக் கவனித்து வந்தேன். பாடம் படிக்காத பையன்களைப் பார்த்து, "படிக்காவிட்டால் மாடு மேய்க்கத்தான் போவாய், ஏர்தான் உழுவாய்" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! என் தந்தை செய்த தொழிலையே தண்டனையாக அவர்களுக்குக் காட்டினேன். அவர்கள் நன்றாகக் கேட்டுக்கொண்டார்கள். இன்று அவர்களில் பலர் சிங்கப்பூரிலும், வளைகுடா நாடுகளிலும், திருப்பூர் ஆலைகளிலும் இருக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் பணத்தால் வீடுகள் எழும்பின, நன்றி சொல்கிறேன். ஆனால் அவர்கள் விட்டுச் சென்ற புஞ்சைகளில் சீமைக் கருவேல் நிற்கிறது. சில நிலங்களில் மனைக்கற்கள் நிற்கின்றன.

சென்ற ஆண்டு அறுப்புக்குப்பின் ஒரு பெரியவரிடம் இந்தக் கணக்கைப் பற்றிப் பேசினேன். "கணக்குப் பார்த்தா நெலத்துல காலு வைக்க முடியாது சாமி" என்றார். அவரை மறுத்துப் பேச எனக்கு நா எழவில்லை. ஆனால் அவர் மகன் கணக்குப் பார்த்துவிட்டுத்தான் ஊரைவிட்டுப் போயிருக்கிறான். தந்தை பார்க்க மறுத்த கணக்கை மகன் பார்த்தான். பார்த்தவனுக்குப் போவதைத் தவிர வேறு வழி எவரும் காட்டவில்லை. கணக்கைக் காட்டி வழியையும் காட்டுவதே கல்வி.

எல்லோரும் திரும்பி வந்து உழ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உழ விரும்பும் பிள்ளையை நாம் தோற்றவனாக நடத்தக்கூடாது. மேல்நிலைத் தேர்வில் தவறிய பிள்ளைக்கு இனி என்ன என்று பெற்றோர் என்னிடம் கேட்கும்போது, குன்றக்குடிக்கும் ஒருமுறை போய் விசாரியுங்கள் என்று சொல்ல நான் கற்றுக்கொண்டேன். தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன்.

கல்லூரி வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். அந்திகோனிஷ் மக்களுக்குச் சமையற்கட்டு போதுமாயிருந்தது. நமக்குக் கோயில் தாழ்வாரம் போதாதா? ஞாயிறு திருப்பலிக்குப்பின் பத்துப் பேர், ஒரு மணி நேரம், ஒரு நோட்டு. தேதி, செலவு, வரவு, மிச்சம் என்று நான்கு பத்திகள். எழுதத் தெரிந்த பேரப்பிள்ளை எழுதட்டும், தாத்தா சொல்லட்டும். பெண்கள் அவசியம் வர வேண்டும். வீட்டில் செலவுக் கணக்கு அவர்கள் மனத்தில்தான் இருக்கிறது.

நம் பங்கு அலுவலகத்தில் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறது, திருமணப் பதிவேடு இருக்கிறது, இறப்புப் பதிவேடு இருக்கிறது. காணிக்கைக் கணக்கும் காசு பிசகாமல் இருக்கிறது. நாம் பிறந்ததையும், மணந்ததையும், இறந்ததையும், கொடுத்ததையும் கோயில் எழுதி வைத்திருக்கிறது. கொடுப்பதற்காக நாம் பாடுபட்ட நிலத்தின் கணக்கை மட்டும் எவரும் எழுதவில்லை. இந்த விழா ஆண்டில் அந்த ஐந்தாவது ஏட்டையும் திறப்போம். அடுத்த தைப் பொங்கலுக்குப் புதுநெல்லைப் பீடத்தடியில் வைக்கும்போது, அந்த நோட்டையும் பக்கத்தில் வையுங்கள். உழக்கு மிஞ்சியதா, மிஞ்சவில்லையா என்பதைச் சேர்ந்தே பார்ப்போம்.

இறைவன் உங்கள் வயல்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக.

அன்புடன்,
உங்கள் பங்குத் தந்தை